இமயமலையில் முதல் கோடை ட்ரெக்: எந்த வாரம் போகிறீர்கள், எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள்?

மார்ச் பிறந்தால் போதும், "இமயமலையில ஒரு ட்ரெக் போகணும், இதுதான் முதல் தடவை, எங்க போகலாம்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். கூடவே ஒரு படமும் வந்து சேரும். பச்சைப் புல்வெளி, பின்னால் வெள்ளை மலை, நடுவில் மஞ்சள் டென்ட். "இந்த மாதிரி இடம்." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். லீவு எந்த வாரம்?

பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. "சம்மர்லதான்" என்பார்கள். நமக்கு ஏப்ரலும் ஜூனும் ஒரே வெயில்தான். அங்கே அவை வேறு வேறு பருவங்கள். ஏப்ரல் கடைசியில் 3,500 மீட்டருக்கு மேலே, வெயில் படாத வடக்குச் சரிவுகளில் குளிர்காலப் பனி அப்படியே கிடக்கும். கீழே காட்டுக்குள் புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்) மரங்கள் சிவப்பாகப் பூத்து ஓய்ந்துகொண்டிருக்கும். மே நடுவில் பனி விலகிய இடங்களில் புல் தலைகாட்டும். மே கடைசியிலிருந்து ஜூன் இரண்டாவது வாரம் வரை பாதை தெளிவாக இருக்கும், புல்வெளி பச்சைக்குத் திரும்பியிருக்கும், பகலில் நடக்கும்போது ஒரு முழுக்கைச் சட்டையே போதும். ஜூன் 20ஐ ஒட்டிப் பருவமழை உத்தராகண்டையும் இமாச்சலையும் எட்டிவிடும். ஆக, அந்தப் படத்தில் இருக்கும் பச்சையும் வெள்ளையும் சேர்ந்து கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே.

ஏப்ரலில்தான் லீவு என்றால், பனியில் நடக்கத் தயாராகப் போகலாம், இல்லை உயரம் குறைந்த ட்ரெக்காகப் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு என்றால் கணக்கே வேறு. அப்போது மலையை விட மலைக்குப் போகும் ரோடுதான் பயம். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி சாலையில் தராலி கிராமத்தை வெள்ளமும் சேறும் மூடியதை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்போம். லாஹௌல், ஸ்பிதி, லடாக் எல்லாம் மழை மறைவுப் பகுதிகள், உள்ளே மழை குறைவுதான். ஆனால் மணாலி வழியாக அங்கே போய்ச் சேரும் சாலை மழைக்குள்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் போயே தீரவேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். கோடை என்பதால் மேலே வானிலை சாதுவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தர்காசி மாவட்டத்தில் சஹஸ்த்ர தால் போன கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்துபோனார்கள். ஜூன் மாதம்! 4,000 மீட்டருக்கு மேல் திறந்த வெளியில் புயல் பிடித்தால் ஒதுங்க இடம் இருக்காது. முதல் ட்ரெக்கை அந்த உயரத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முக்கியக் காரணம் வேறு. ட்ரெக் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது உச்சியின் உயரம். உச்சியில் அரைமணி நேரம் நிற்போம், போட்டோ எடுப்போம், இறங்கிவிடுவோம். உடம்பு மல்லுக்கட்டுவது ராத்திரி படுக்கும் இடத்தின் உயரத்தோடுதான். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதமே. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. 3,500 மீட்டரில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 4,200ல் 60 சதவீதத்தை ஒட்டி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அவகாசம் கேட்கும். மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு இரவு அதே உயரத்தில்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ட்ரெக்கின் நாள்வாரித் திட்டத்தையும் படித்துப் பாருங்கள். "ஈஸி டு மாடரேட்" என்று அச்சடித்திருக்கும் பல திட்டங்கள் வேறு மாதிரி தெரியும். நல்ல உதாரணம் மணாலி பக்கத்தில் இருக்கும் பிருகு ஏரி. சின்ன ட்ரெக், வார இறுதியோடு இரண்டு நாள் லீவு சேர்த்தால் முடித்துவிடலாம், மே கடைசியிலேயே போகலாம், பாதையும் கடினமில்லை. அதனால் புதியவர்கள் நிறையப் பேர் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மணாலி 2,050 மீட்டர். காலையில் அங்கே பரோட்டா சாப்பிட்டு, ஜீப்பில் குலாபா போய், அங்கிருந்து நடந்து, சில திட்டங்களில் அன்றிரவே 3,700 மீட்டருக்கு மேல் படுக்கச் சொல்வார்கள். மறுநாள் ஏரி, 4,200ஐத் தொடும்.

நான் போன குழுவில் ஒரு பையன், இருபத்தைந்தைத் தாண்டியிருப்பான், மாரத்தான் ஓடுகிறவன். முகாமுக்கு முதலில் வந்து சேர்ந்தவன் அவன்தான். ராத்திரி சாப்பாட்டு டென்டில் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பருப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான். "லேசா தலைவலி, வெயில்ல நடந்ததுதான்" என்றான். ஒன்பது மணி வாக்கில் வாந்தி. கைடு அவன் விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தார். அப்புறம் அவனை வெளியே கூப்பிட்டு, ஹெட்லாம்ப் வெளிச்சத்தில், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தான். "சரி, ராத்திரி பக்கத்துலயே இருக்கேன். காலைல கீழே." விடிந்ததும் பையன், "இப்ப பரவாயில்ல அண்ணா, ஏரி வரைக்கும் மட்டும்" என்று கெஞ்சினான். கைடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேக்கைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பையன் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. குலாபா வந்ததும் பசிக்கிறது என்று மேகி கேட்டானாம்.

அந்த நடக்க வைக்கும் சோதனை சும்மா இல்லை. உயரத்துக்குப் பழகாத உடம்புக்கு வரும் உயர நோய் மூளையைத் தொட்டிருந்தால் நடை தள்ளாடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத வறட்டு இருமல், குழறும் பேச்சு இவையெல்லாம் வந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்கக்கூடாது. உடனே இறக்க வேண்டும். உடற்பயிற்சி செய்கிறவன், இளவட்டம் என்று உயர நோய் யாருக்கும் சலுகை தருவதில்லை. வேகமாக ஏறுகிறவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். உயர நோயைத் தடுக்கப் போடும் டையமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். உதவும், ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக்கூடாது, மற்றவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சிறுநீர் அடிக்கடி போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடுராத்திரி சுழியத்தை ஒட்டிய குளிரில் ஸ்லீப்பிங் பேக் ஜிப்பைத் திறப்பது லேசான காரியமில்லை.

இந்தக் கண்ணால் பார்க்கும்போது முதல் ட்ரெக்குக்கு நான் முதலில் சொல்வது தயாரா புக்யால். புக்யால் என்றால் மலைமேல் இருக்கும் புல்வெளி. உத்தர்காசியிலிருந்து கங்கோத்ரி போகும் வழியில் பட்வாரி வரை போய் மேலே திரும்பினால் ரைதல் கிராமம், 2,200 மீட்டரை ஒட்டி. பார்சு வழியாகவும் ஏறலாம். முகாம்கள் 3,000 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உச்சி நாளன்று 3,700 வரை தொட்டுவிட்டு இறங்கிவிடலாம். காடு முடிந்து ஓக் மரங்கள் சட்டென்று விலகும் இடத்தில் புல்வெளி தொடங்குகிறது. கண்ணுக்கு எட்டியவரை மேடும் பள்ளமுமாகப் புல், எதிரே பந்தர்பூஞ்ச் சிகரம். மேய்ச்சல்காரர்களின் கற்குடிசைகள் அங்கங்கே. ஆகஸ்டில் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் எல்லோரும் மேலே வந்து ஒருவர் மேல் ஒருவர் வெண்ணெயும் மோரும் பூசி விளையாடும் ஒரு திருவிழா நடக்கும். மழைக்காலம் என்பதால் நான் பார்த்ததில்லை. புல்வெளிக்கு நடுவில் டென்ட் போட முடியாதா என்று கேட்காதீர்கள். 2018ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதற்குத் தடை போட்டுவிட்டது. அதனால்தான் முகாம்கள் காட்டோரமாக இருக்கின்றன. அந்தத் தடையால் ரூப்குண்ட் ஏரிக்குப் போகும் பாதையும் அடிபட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ரூப்குண்டுக்குத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லீவு கூட இருந்தால் ஹர் கி தூன். எனக்கு மிகவும் பிடித்த பாதை இதுதான், ஒளிக்கவில்லை. டேராடூனிலிருந்து மசூரி, புரோலா, மோரி வழியாக சங்க்ரி போய்ச் சேரவே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சங்க்ரி 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அங்கிருந்து ஆற்றை ஒட்டியே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறோம். ஓஸ்லா கிராமம் 2,500ஐத் தாண்டி, ஹர் கி தூன் 3,566. எந்த இடத்திலும் உடம்பைத் திடீரென்று தூக்கிப் போடாத பாதை. தூரம் அதிகம், அவ்வளவுதான். ஓஸ்லாவின் மர வீடுகளில் செதுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அங்கே இருக்கும் பழைய மரக்கோயிலை வெளியூர்க்காரர்கள் துரியோதனன் கோயில் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். ஊரார் சோமேஸ்வர் என்று சொல்வார்கள். பள்ளத்தாக்கின் முடிவில் ஸ்வர்காரோஹிணி, 6,252 மீட்டர். பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்துபோன வழி என்று கதை.

அங்கே என்னுடன் வந்தவர் சித்தப்பா. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தினமும் காலையில் நடப்பதைத் தவிர உடற்பயிற்சி எதுவும் கிடையாது. நாங்கள் எல்லோரும் ஏறி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுவோம். அவர் நிற்கவே மாட்டார். ஆனால் வேகமாகவும் போகமாட்டார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம். ராத்திரி கைடு வந்து எல்லோரையும் கேட்ட கேள்வி, "எப்படி இருக்கீங்க" என்பதில்லை. "எத்தனை ரொட்டி சாப்பிட்டீங்க?" நான் இரண்டு என்றேன்.

"அங்கிள்ஜி?"

"அஞ்சு. இன்னும் சாதம் வரும்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"சித்தப்பா, தலை கிலை வலிக்குதா?" என்று நானும் கேட்டேன்.

"நல்லாத்தான்டா இருக்கேன். நீ என்ன ரெண்டோட நிறுத்திட்ட? முதல்ல நீ சாப்பிடு."

கைடு சிரித்துக்கொண்டே எழுந்து போனார். உயர நோய் முதலில் கைவைப்பது பசியில்தான் என்பதால் அவருக்கு ரொட்டிக் கணக்குதான் டாக்டர் ரிப்போர்ட். அன்றிலிருந்து நானும் கூட வருகிறவர்களிடம் அதைத்தான் கேட்கிறேன். "நல்லா இருக்கேன்" என்று பொய் சொல்வது சுலபம், தட்டை மறைப்பது கஷ்டம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்டில் படுக்கவே பயம் என்றால் உத்தராகண்டில் சோப்தா. லாட்ஜில் தங்கி, கல் பாவிய பாதையில் நாலு கிலோமீட்டருக்கும் குறைவாக ஏறினால் துங்கநாத் கோயில், 3,680 மீட்டர். அதற்கும் மேலே சந்திரசிலா. ஏறி இறங்கி ராத்திரி மறுபடி 2,700 மீட்டரில் படுத்துவிடலாம். மணாலிதான் போகவேண்டும் என்றால் பிருகுவை விட பியாஸ் குண்ட் நல்லது, ஆனால் மணாலியில் ஒரு இரவாவது தங்கிவிட்டு. மேற்கு வங்கத்தில் சந்தக்பூ, 3,636 மீட்டர், வழியெங்கும் தங்கும் குடில்கள். ஏப்ரல், மே நல்லது, ஜூன் நடுவில் சிங்கலீலா தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். மேலே சொன்ன மழைக்கால விதிவிலக்கு, உத்தராகண்டில் இருக்கும் பூக்களின் பள்ளத்தாக்கு. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும், ஆனால் ஜூனில் போய்விட்டுப் பூவே இல்லை என்று புலம்புகிறவர்கள் உண்டு. பூ என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. உள்ளே இரவு தங்க அனுமதி கிடையாது. காங்கரியாவில் தங்கிப் பகலில் போய்வர வேண்டும். பத்ரிநாத் சாலை மழையில் அடைபடும் என்பதால் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹம்ப்தா கணவாய், சார் பாஸ் இரண்டும் "பிகினர்" பட்டியல்களில் தவறாமல் இருக்கும். 4,200 மீட்டருக்கு மேல் கணவாய், ஜூனில் பனி மூடிய சரிவுகள், ஹம்ப்தாவில் ஐஸ் தண்ணீரில் ஆற்றைக் கடப்பது வேறு. இரண்டாவது ட்ரெக்காக அருமை. கணவாய் ட்ரெக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது: பாதி வழியில் முடியவில்லை என்றால் திரும்பி வருவதும் சுலபமில்லை, அந்தப்பக்கம் இறங்குவதும் சுலபமில்லை. போன வழியே திரும்பும் ட்ரெக்கில் எந்த நிமிடமும் நின்றுகொள்ளலாம். காஷ்மீர் பெரிய ஏரிகள் பாதையை முதல் தடவையே கேட்கிறவர்களிடம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

சரி, போய்ச் சேரும் கதை. தமிழ்நாட்டிலிருந்து டெல்லி, அங்கிருந்து டேராடூன் வரை எல்லோரும் சமாளித்துவிடுகிறார்கள். அதற்கு மேல்தான் இருக்கிறது. மே, ஜூன் சார்தாம் யாத்திரைக் காலம். கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் சாலைகளில் வண்டிகள் எறும்பு வரிசையாக நிற்கும், ரிஷிகேஷில் ரூம் வாடகை ஏறிக்கிடக்கும். தயாராவும் சோப்தாவும் அந்தச் சாலைகளில்தான் இருக்கின்றன. ஹர் கி தூனுக்குப் போகும் சாலையில் யமுனோத்ரி கூட்டம் பாதி வழியில் பிரிந்துவிடும், அதுவும் அதன்மேல் எனக்குள்ள பிரியத்துக்கு ஒரு காரணம். பகல் முழுக்க வளைவு வளைவாகப் போகும் வண்டியில் பின் சீட்டில் உட்காராதீர்கள். வாந்தி வரும் உடம்பு என்றால் கிளம்பும் முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள். சங்க்ரி போகிறவர்கள் புரோலாவிலேயே பணம் எடுத்துக்கொள்வது நல்லது. வீட்டில் "இத்தனை நாள் போன் வராது, பயப்படாதீங்க" என்று தேதி சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அம்மாக்கள் நிம்மதியாக இருப்பார்கள், ஓரளவுக்கு.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை வைத்து முடிவு செய்யாமல் போனில் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு முகாமும் எத்தனை மீட்டரில்? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒவ்வொரு முகாமிலும் இருக்குமா, கீழே மட்டுமா? யாருக்காவது முடியாமல் போனால் கூட இறங்க ஆள் உண்டா, அப்போது மற்றவர்களுக்குக் கைடு யார்? கைடு எங்கே பயிற்சி எடுத்தவர்? உத்தர்காசியில் 1965லிருந்து நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, மணாலியிலும் ஒன்று உண்டு. உள்ளூர்ப் பையன்கள் நிறையப் பேர் அங்கே படித்தவர்கள். இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் வந்தால் நம்பலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்டுத் தொந்தரவு செய்கிற நிறுவனத்தைத்தான் நான் விரும்புவேன். கட்டணம் எங்கிருந்து எங்கே வரை என்பதையும் கேளுங்கள். பலர் அடிவாரக் கிராமத்திலிருந்து அடிவாரக் கிராமம் வரைக்கும்தான் கணக்குப் போடுவார்கள். ஜீப், பேக்கைக் கோவேறு கழுதையில் ஏற்றுவது, ஷூ, ஜாக்கெட் வாடகை எல்லாம் தனி.

ஹிந்தி தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைடுகளுக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும், மீதியைக் கை பேசிவிடும். ஆனால் "பஸ், ஆதா கண்டா" (அவ்வளவுதான், அரைமணி நேரம்) என்று எந்த மலைக்காரர் சொன்னாலும் அந்த அரைமணியை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் காலுக்கு அது அரைமணிதான்.

உடம்பைத் தயார் செய்ய இரண்டு மாதம் வேண்டும். ஜிம் தேவையில்லை. வாரத்துக்கு நாலு நாள் நடையும் மெதுவோட்டமும். 5 கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் முடித்து, முடித்தபின் பேச முடிகிற நிலைக்கு வந்தால் முதல் ட்ரெக்குக்குப் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் லிஃப்டை மறந்துவிடுங்கள். கடைசி மூன்று வாரம் அதே படிகளில் ஆறேழு கிலோ பேக்குடன் ஏறுங்கள், முக்கியமாக இறங்குங்கள். எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். முட்டி அழுவது இறங்கும்போதுதான். வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன், பர்வதமலை ஏறியிருக்கிறேன் என்பவர்களுக்குக் கால் பலம் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஒரே ராத்திரியில் ஏறி இறங்கிவிட்டு வீட்டில் விழுந்து தூங்குவது வேறு. இன்று ஆறு மணி நேரம் நடந்துவிட்டு, சரியாகத் தூங்காமல், நாளை மறுபடி ஆறு மணி நேரம் நடப்பது வேறு. அதனால் அடுத்தடுத்த இரண்டு நாள் நீளமாக நடந்து பழகுங்கள்.

பேக் விஷயத்தில் நீளமான பட்டியல் எல்லா நிறுவனமும் அனுப்பும். நான் இரண்டு மூன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். ஷூ கணுக்காலைப் பிடிக்க வேண்டும், அடிப்பாகத்தில் ஆழமான வரி வேண்டும், முக்கியமாகப் புதியதாக இருக்கக்கூடாது. ஒரு மாதம் முன்பே வாங்கித் தினமும் போட்டு நடந்து பழகிவிடுங்கள். பருத்தித் துணி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, ஏறும்போது தெரியாது, நின்றதும் முதுகில் ஈரம் ஜில்லென்று ஒட்டும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி வரை வெப்பம் குறையும் என்பது சராசரிக் கணக்கு. காற்று அடித்தால் அதற்கும் மேலே தோன்றும். கனத்த ஒரே ஜாக்கெட்டுக்குப் பதில் மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போட்டால் ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நிற்கும்போது மாட்டலாம். மழைக்கோட்டும் பேக்குக்கு உறையும் மே மாதத்திலும் கட்டாயம்.

ஏனென்றால் மதியத்துக்கு மேல் மலை வேறு ஆளாகிவிடும். தயாராவில் ஒருநாள் காலை பதினொன்று வரை ஒரு மேகம் இல்லை. கழுத்தெல்லாம் எரிகிறது. ஒரு மணிக்குப் பந்தர்பூஞ்ச் பக்கம் சாம்பல் நிறமாக ஏதோ எழும்பியது. கைடு எங்களைச் சாப்பிடக்கூட விடாமல் விரட்டினார். டென்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் ஆலங்கட்டி. கொட்டைப்பாக்கு அளவு, டென்ட் துணி கிழிந்துவிடுமோ என்று எல்லோரும் உள்ளிருந்து கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரைமணியில் நின்றது; வெளியே புல்லெல்லாம் வெள்ளை. இது அங்கே அதிசயமில்லை, மே மாதத்தில் சாதாரணம். உச்சி நாளன்று விடியும் முன் கிளப்புவதும், நண்பகலுக்குள் இறக்குவதும் இதனால்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம், ஒரு ரீல் மட்டும்" என்று நிற்கிறவர்களால் குழு முழுவதும் நனையும்.

கழிப்பறை பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், ஆனால் எல்லோர் மனதிலும் அதுதான் இருக்கும். ஒரு ஆள் நிற்கும் அளவு டென்ட், உள்ளே குழி, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. முடித்ததும் மண் தள்ள வேண்டும். டிஷ்யூ போதும், ஈரத் துடைப்பான்களைக் குழியில் போடக்கூடாது, அவை மட்காது. பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள் அதில் வந்தாலும் போகலாம், பயன்படுத்தியவற்றைக் கட்டி எடுத்துவர ஜிப் வைத்த கறுப்புப் பைகள் மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். என் அத்தை மகள் அப்படித்தான் வந்தாள். எங்களை விட முன்னால்தான் நடந்தாள்.

கடைசி நாள் இறக்கம். கிளம்பும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷூ முனையில் இடித்து இடித்துப் பெருவிரல் நகம் கறுத்துப்போகும், சில மாதம் கழித்து உதிரும். இறங்கத் தொடங்குவதற்கு முன் லேஸை மறுபடி அவிழ்த்து, குதிகாலைப் பின்னால் தள்ளி உட்கார வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முட்டி உங்களைத் திட்டாது. கைடுக்கும் சமையல்காரருக்கும் கழுதைக்காரருக்கும் கொடுக்கச் சில்லறை நோட்டாகப் பணம் வைத்திருங்கள். அடிவாரத்தில் ஐந்நூறை மாற்ற முடியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஊர் திரும்பும் ரயிலை டேராடூன் வந்து சேரும் அன்றே போடாதீர்கள். ஏதாவது ஒரு வளைவில் மண் சரிந்து, ஜேசிபி வரும்வரை நிற்க வேண்டி வரலாம். சரியவில்லை என்றால் அந்த ஒரு நாள் மிச்சம், துணியைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டுத் தூங்கலாம்.